இங்கே இல்லாதவர்களின் மெம்பர்

புறம் பேசுவதில் இருக்கிற சுகத்தை எங்கள் தெருவுக்கே இல்லாமல் பண்ணியவர் அவர். ராவுத்தர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். மதுரையில் ராவுத்தர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் ராவுத்தர் என்றால் அவர் ஒருவர்தான். கயிற்றுக் கடை வைத்திருந்தார். அதை ஒட்டி என் அச்சாபீஸ். இரண்டுக்கும் நடுவே ஒரு மரத் தட்டி. அங்கே அவர் தும்மினால் இங்கிருந்தே ‘நூறு’ சொல்வேன்.

எதிரில் ஒரு காபி கிளப். காலையில் வியாபாரம் சூடு பிடிக்கும் முன் நாலைந்து பேர் அங்கே கூடுவோம். கூடினால் யாரையாவது உரிக்க வேண்டுமே. ஒரு நாள் எங்கள் தெருத் தையற்காரர் அகப்பட்டார். கல்யாணச் சட்டையைக் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் கொடுத்தவர், அதுவும் கை நுழையாத சட்டை. ஆளுக்கொரு வாய் போட்டுக்கொண்டிருந்தோம். ராவுத்தர் டம்ளரைக் கீழே வைத்தார். இடது தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது தோளில் போட்டுக்கொண்டார்.

“இப்ப நாந்தான் தையக்காரன். என்னா கேக்கணுமோ கேளுங்க.”

கேட்டோம். அவர் சளைக்காமல் பதில் சொன்னார். “அளவெடுக்க மாப்பிள்ளை வந்தாரா? பழைய சட்டையைக் குடுத்து விட்டீங்க. அந்தச் சட்டை தச்சப்ப அவர் ஒல்லி. நிச்சயம் ஆனதுல இருந்து பொண்ணு வீட்டுச் சாப்பாடு. நான் சட்டையைப் பாத்துத் தைக்கவா, சாப்பாட்டைப் பாத்துத் தைக்கவா?”

அங்கே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அண்ணனே சிரித்துவிட்டார். எல்லோரும் அடங்கியதும் ராவுத்தர் துண்டை மறுபடி இடது தோளுக்கு மாற்றினார். “என்னையக் கேட்டா, அவன் சுத்தச் சோம்பேறிதான். அவன்கிட்டத் துணியே குடுக்கக் கூடாது” என்றார்.

இதுதான் அவர். இல்லாதவருக்காகப் பேசுவார், அவராகவே ஆகிப் பேசுவார். துண்டு இடது தோளுக்குத் திரும்பியதும் தன் பேச்சைப் பேசுவார். அது பெரும்பாலும் எங்களுடைய பேச்சைவிடக் கடுமையாக இருக்கும். ஏன் இந்த வேலை என்று ஒரு தடவை கேட்டேன். “இருக்கிறவனுக்கு வாய் இருக்கு மாப்ள. இல்லாதவனுக்கு ஆரு இருக்கா?” என்றார். அவருக்கு நான் மாப்ள. என்ன முறையில் என்று கேட்டுக்கொள்ளவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். அம்மா மருமகளைக் குறை சொன்னால் துண்டு தோள் மாறும். மனைவி மாமியாரைக் குறை சொன்னாலும் மாறும். கடைசியில் இரண்டு பேரும் கலந்து பேசி, அவர் வீட்டில் இருக்கும்போது ஒருவரை விட்டு ஒருவர் நகர்வதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் எதிரே இருந்தால் அவருக்கு வேலை இல்லையே. அந்த வீட்டில் மாமியார் மருமகள் சண்டை ஒழிந்தது அப்படித்தான். அவருடைய அம்மாவே இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

கதர் கட்டிக்கொண்டு அந்நியத் துணியை எரித்த கூட்டத்தில் அவரும் ஒருவர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் காபி கிளப்பில் கலெக்டருக்காகத் துண்டை மாற்றிவிட்டார். “வெள்ளைக்காரனுக்குமா?” என்று ஒருவர் எழுந்தே விட்டார். “அவன் இங்க வந்து உக்காரட்டும். மூஞ்சிக்கு நேரா நான் கேக்குறதை நீங்க பாருங்க” என்றார் ராவுத்தர். கலெக்டர் காபி குடிக்க வரவில்லை. அதனால் அதைப் பார்க்கும் பாக்கியம் எங்களுக்குக் கிடைக்காமல் போயிற்று.

எங்கள் பகுதிக்குப் போர்டு மெம்பர் தேர்தல் வந்தது. ஓட்டு என்பது அப்போது வரி கட்டுகிறவனுக்குத்தான். ஒரு பக்கம் ஒரு வக்கீல், இன்னொரு பக்கம் ஒரு மரக்கடைக்காரர். நான் இரண்டு பேருக்கும் நோட்டீஸ் அடித்தேன், வக்கீலுக்கு மஞ்சள் காகிதம், மரக்கடைக்காரருக்கு ரோஸ். ராவுத்தர் வக்கீலின் ஆள். வீடு வீடாகப் போனார். ஆனால் போன வீட்டிலெல்லாம் மரக்கடைக்காரரைத் திட்டினார்கள். அவர்தான் அங்கே இல்லையே. துண்டு தோள் மாறியது. நாலு நாள் இப்படிப் போனதும் வக்கீலே கடைக்கு வந்தார். “ராவுத்தரே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எனக்காக இனிமே வெளிய போகாதீங்க” என்றார். போகவில்லை. இருந்தும் வக்கீல் தோற்றார். மரக்கடைக்காரர் மெம்பரானார். யாரால் ஜெயித்தார் என்பதில் எங்கள் தெருவில் இரண்டு கருத்து இல்லை.

அது எல்லாவற்றுக்கும் விலை விழுந்து கிடந்த காலம். களத்தில் நெல் குவிந்து கிடக்கும், வாங்க ஆள் இருக்காது. நெசவுத் தெருக்களில் தறிச் சத்தம் பாதி நின்றுவிட்டது. காலையில் ஆரப்பாளையம் ஆற்றங்கரையில் மண்வெட்டியோடு வேலைக்கு நிற்கிறவர்கள், மத்தியானமும் அதே மண்வெட்டியோடு அங்கேயே நிற்பார்கள். எதையாவது கட்டுங்கள், ஜனங்களுக்குக் கூலி போகட்டும் என்று சர்க்கார் போர்டுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கியது. மீதியைப் போர்டு வரி போட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆரப்பாளையத்தில் தொடங்கி வயல்வெளி வழியாக விளாங்குடிப் பக்கம் திண்டுக்கல் ரோட்டில் போய்ச் சேருகிற மாதிரி ஒரு புது ரோடு என்று தீர்மானம் ஆயிற்று. வரியை ஏற்ற விடமாட்டேன் என்று ரோஸ் நோட்டீஸில் சொல்லி ஜெயித்த எங்கள் மெம்பர், போர்டில் ரோட்டுக்கு ஆதரவாகக் கை தூக்கிவிட்டு வந்தார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. கஞ்சி ஊற்றுகிற ரோடு என்றார்கள் ஒரு சாரார். மண்ணை இங்கே எடுத்து அங்கே போட எங்கள் வரிப்பணமா என்றார்கள் இன்னொரு சாரார். நான் இரண்டாம் கட்சி. கொஞ்சம் சூடான கட்சிகூட. சொந்த வீடு இருந்தது, அதற்கு வரி கட்டினேன். ஓட்டுப் போட்டு அனுப்பியவன் முகத்தில் கரி பூசினால் யாருக்குத்தான் கோபம் வராது?

ராவுத்தருக்கு என்னைவிடப் பெரிய காரணம் இருந்தது. ஆரப்பாளையம் தாண்டி, வயல்கள் தொடங்கும் இடத்தில் அவருடைய கயிற்றுக் கொட்டகை. கயிறு திரிக்க அகலம் வேண்டியதில்லை, நீளம் வேண்டும். ஒரு முனையில் ஒருவர் ராட்டையைச் சுற்ற, மறுமுனையைப் பிடித்தவர் நாரைக் கொடுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து போக வேண்டும். எவ்வளவு தூரம் நடக்க இடம் இருக்கிறதோ அவ்வளவுதான் கயிறு. அத்தா என்று அவர் சொல்லும் அப்பா காலத்தில் போட்ட அந்தக் கொட்டகை ஒரு தெரு நீளம் இருக்கும். அளவுகாரர்கள் நட்டுக்கொண்டு போன கொடிகளில் ஒன்று அதன் நடு வயிற்றில் நின்றது. பாதிக் கொட்டகையில் பாதிக் கயிறுதான் திரிக்கலாம், அதை யார் வாங்குவார்கள்?

மெம்பர் ராஜினாமா செய்ய வேண்டும், ரோட்டை நிறுத்த வேண்டும் என்று ஒரு கூட்டம் கூட்டினோம். இடம் ஓர் அரிசி ஆலைக் களம். நோட்டீஸை நானே எழுதி, நானே கோர்த்து, காசு வாங்காமல் அடித்தேன். என் வாழ்நாளில் ஒரு கட்சிக்கு மட்டும் அடித்த நோட்டீஸ் அது ஒன்றுதான். நேரில் வந்து பதில் சொல்லும்படி மெம்பருக்கும் சொல்லி அனுப்பியிருந்தோம். அன்று சாயங்காலம் களம் நிறைந்துவிட்டது. மெம்பருக்கு வயிற்று வலி என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அரிசி மண்டிக்காரர் ஒருவர் பேசினார். நான் பேசினேன், நன்றாகவே பேசினேன். தீர்மானத்தை வாசித்துக் கை தூக்கச் சொல்லப் போகும் நேரம். கடைசி வரிசையில் ராவுத்தர் எழுந்தார். துண்டில் கை வைத்ததைப் பார்த்ததும் நான் தீர்மானக் காகிதத்தை அவசரமாகப் பிரித்தேன்.

“நாந்தான் மெம்பர். வயித்து வலின்னு சொல்லி அனுப்பிச்சேன். வலியெல்லாம் இல்ல, பயம்.”

களமே சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார்.

“வரி ஏத்த விடமாட்டேன்னு சொன்னது வாஸ்தவம். சொன்னப்ப நான் ஓட்டுக் கேக்க உங்க தெருவுக்கு மட்டுந்தான் வந்திருந்தேன். ஜெயிச்சப்புறம் விளாங்குடிப் பக்கம் போனேன். வெள்ளாமை வீட்டுலயே கெடக்கு, அடுப்புல பூனை தூங்குது. தறிக்காரத் தெருவுக்குப் போனேன். மூணு நாளாச் சோறு வடிக்காத வீட்டுல என்னைய உக்காரச் சொல்லி மோர் குடுத்தாய்ங்க. ஓட்டு உள்ளவுக அம்புட்டுப் பேரும் இங்க இருக்கீக. ஓட்டு இல்லாதவுக ஒருத்தரும் இங்க இல்ல. நான் ஆருக்கு மெம்பர்? உங்களுக்கு மட்டுமா?”

மண்டிக்காரர் குறுக்கே பேசினார். “அதுக்கு எங்க காசுதான் கிடைச்சுச்சாக்கும்?”

“அண்ணே, உங்க மண்டியில யாவாரமே இல்லைன்னு கொஞ்ச நேரம் முந்தி நீங்கதானே சொன்னீக. மண்ணு சுமந்து கூலி வாங்குனவன் பொழுது சாய எங்க வருவான்? காசியாத்திரைக்கா போவான்? உங்க மண்டிக்கு அரிசி வாங்கத்தான் வருவான்.”

சொல்லி முடித்துத் துண்டை இடது தோளுக்கு மாற்றினார். “இது மெம்பர் பேச்சு. என்னையக் கேட்டா இந்த ரோடு வேண்டவே வேண்டாம். என் கொட்டகை போகுது” என்று உட்கார்ந்துவிட்டார்.

தீர்மானம் தோற்றது. அதற்கு ஆதரவாகத் தூக்கிய கொஞ்சம் கைகளில் ராவுத்தருடைய கையும் ஒன்று. தானே கெடுத்த தீர்மானத்துக்குத் தானே கை தூக்கிக்கொண்டு நின்ற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அடுத்த நாளிலிருந்து மரத் தட்டிக்கு அந்தப் பக்கம் தும்மல் கேட்டால் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வாரம் இப்படியே இருந்தேன். அவருக்கும் ஜலதோஷம் விடவில்லை. வேண்டுமென்றே தும்முகிறாரோ என்றுகூட நினைத்தேன்.

ரோட்டு வேலை தொடங்கியது. ஆற்றங்கரையில் நின்ற மண்வெட்டிகள் எல்லாம் வயல்வெளிக்குப் போயின. பெண்கள் கூடை சுமந்தார்கள். நெசவுக்காரர்கள் பழக்கமில்லாத கையால் கல் உடைத்தார்கள். மண்டிக்காரர் சாயங்காலங்களில் கூடுதலாக ஒரு விளக்கு ஏற்ற ஆரம்பித்தார். நான் அதைக் கவனிக்காத மாதிரிப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் ஒரு நாள் மெம்பர் கயிற்றுக் கடைக்கு வந்தார். நான் எழுத்துக் கோர்ப்பதை நிறுத்திவிட்டுத் தட்டி இடுக்கில் கண்ணை வைத்தேன்.

“அன்னைக்கு நான் பேசியிருந்தாகூட அம்புட்டு நல்லாப் பேசியிருக்க மாட்டேன் ராவுத்தரே” என்றார் மெம்பர்.

“நீங்க வந்துட்டீகள்ல, இப்ப நான் எம்பேச்சைப் பேசுறேன்” என்று ஆரம்பித்தார் ராவுத்தர். கூப்பிட்ட கூட்டத்துக்கு வராதவன் எதற்கு மெம்பர் என்று கேட்டார். நோட்டீஸில் ஒன்று, போர்டில் ஒன்றா என்று கேட்டார். கூட்டத்தில் நான் கேட்டதையெல்லாம் என்னைவிட நன்றாகக் கேட்டார். மெம்பர் முகம் சுண்டிப் போய் உட்கார்ந்திருந்தார். எனக்கு ராவுத்தர் மேல் இருந்த கோபம் அங்கேயே பாதி போய்விட்டது.

கடைசியில் மெம்பர் குரலைத் தாழ்த்தினார். “நான் வந்தது வேற விசயம். உங்க கொட்டகையைக் காப்பாத்திரலாம். அதுக்கு ரெண்டு பர்லாங்கு முந்தியே ரோட்டை லேசா வடக்க திருப்பிட்டாப் போதும். ஓவர்சீயர்கிட்டப் பேசிட்டேன். நான் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிரும்.”

ராவுத்தர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பொய் சொல்ல வேண்டியதில்லை, நன்றாக மலர்ந்தது. “வடக்க என்னா இருக்கு?” என்றார்.

“ஒண்ணும் இல்ல. மாடு கட்டி இறைக்கிற ஒரு கமலைக் கிணறு, கொஞ்சம் கத்திரிப் பாத்தி. ஒரு பொம்பளையும் அவ தம்பியும் பாக்குறாக. கிணறு மட்டும் தூந்துரும். அவுகளுக்கு இன்னும் விவரம் தெரியாது. ஓட்டும் கெடையாது.”

ராவுத்தர் தலையைத் தூக்கினார். தொங்கிக்கொண்டிருந்த கயிற்றுக் கண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கை இடது தோளுக்குப் போனது. அந்தத் துண்டு அவ்வளவு மெதுவாகத் தோள் மாறி நான் பார்த்ததில்லை. போகாதே, போகாதே என்று தட்டிக்கு இந்தப் பக்கம் நான் முணுமுணுத்தேன்.

“நாந்தான் அந்தப் பொம்பளை” என்றார். “ஏன்யா மெம்பரே, எங்கிணத்துல மண்ணள்ளிப் போட்டுட்டுப் போறியே, நாளைக்கு என் கத்திரிக்கு நீ வந்து தண்ணி சுமப்பியா? ரோடு எங்களுக்குக் கஞ்சி ஊத்தன்னுதானே சொன்ன? கெடந்த கஞ்சியையும் கவுத்தா எப்படி?”

மெம்பர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. துண்டு திரும்பி வந்தது.

“என்னையக் கேட்டா, தாராளமாத் திருப்புங்க. அது எங்க அத்தா போட்ட கொட்டகை. அது போனா நான் ரொம்பச் செரமப்பட்டுப் போவேன். ரெண்டு பேர் பேச்சையும் கேட்டுட்டீக. மெம்பர் நீங்கதான். முடிவை நீங்க சொல்லுங்க.”

மெம்பர் வயிற்று வலி என்று ஒளிந்த மனிதர்தான். ஆனால் அன்றைக்கு ஒளியவில்லை. எழுந்து நின்று, “நேராவே போகட்டும் ராவுத்தரே” என்று கை கூப்பிவிட்டுப் போனார்.

அவர் போனதும் ராவுத்தர் தும்மினார். “நூறு” என்றேன்.

“இருநூறாச் சொல்லு மாப்ள. ரெண்டு வாரப் பாக்கி இருக்கு” என்றது தட்டிக்கு அந்தப் பக்கம்.

கொட்டகையை அவரே ஆள் வைத்துப் பிரித்தார். அன்று கடை திறக்கவில்லை. நானும் போய் நின்றேன். மூங்கில்களை அடுக்கும்போது ஒரு தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலுக்கா வேறெதற்கா என்று நான் பார்க்கவில்லை. ஆனால் அவர் நொடித்துப் போய்விடவில்லை. ரோடு முடிந்ததும் பார்த்தால் அது நேராக, மேடு பள்ளம் இல்லாமல், கண்ணுக்கு எட்டிய வரை நீளமாகக் கிடந்தது. அதைவிடக் கயிறு திரிக்கத் தோதான இடம் எது? விடிந்ததும் ரோட்டோரம் ராட்டையைப் போட்டுவிடுவார்கள் அவருடைய ஆட்கள். ரோட்டில் வண்டிகள் வரத் தொடங்கும் முன் பழைய கொட்டகையில் ஓடியதைவிட நீளமான கயிறு ஓடிவிடும். போர்டில் யாரோ இதைப் பற்றிப் புகார் சொன்னார்களாம். புகார் சொன்னவர் எதிரில் இல்லாததால், அவருக்காகவும் ராவுத்தர் என்னிடம் பேசினார். “ரோடு நடக்கத்தானே, நாரு திரிக்கவா?” என்று. பிறகு துண்டை மாற்றிக்கொண்டு, “நடந்துக்கிட்டேதானே திரிக்கிறோம்?” என்றார்.

கொட்டகை பிரித்த வாரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மத்தியானம் ஒரு பெண் கடை ஏறினாள். நாற்பது வயது இருக்கும். வயல் சேறு காயாத கால். தம்பிக்குக் காய்ச்சல், அதனால் தானே வந்ததாகச் சொன்னாள். நல்ல கமலை வடம் ஒன்று வேண்டும் என்றாள். பேச்சுவாக்கில் ஆரப்பாளையம் தாண்டி, புது ரோட்டுக்கு வடக்கே கிணறு என்றாள். நான் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு அந்தக் கடைக்கே போய்விட்டேன்.

“உங்களைப் பாத்தா நல்ல மனுசராத் தெரியுது ராவுத்தரே” என்றாள், வடத்தை இழுத்துப் பார்த்துக்கொண்டே. “உங்க தொழில்காரவுக எல்லாரும் இப்படி இருக்காகளா? அங்கிட்டு ஒரு கயித்துக் கொட்டகைக்காரன், தன் கொட்டகையைக் காப்பாத்த எங்கிணத்து மேல ரோட்டைத் திருப்பச் சொல்லி மெம்பர் கால்ல விழுந்தானாம். மண்ணு சுமக்குறவுக சொன்னாக. மெம்பர் நல்லவரு, முடியாதுன்னுட்டாராம். அவன் கொட்டகை போச்சு. நல்லா வேணும்.”

என் வாய் திறந்துவிட்டது. ராவுத்தர் ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டேன். இல்லாத ஒருவனைக் கரித்துக்கொட்டுகிறாள், இதோ துண்டு மாறப் போகிறது என்று காத்திருந்தேன். அது இடது தோளிலேயே கிடந்தது.

“அவனை எங்கயாச்சும் பாத்தா நல்லாக் கேளுங்க” என்றாள்.

“பாத்தாக் கேக்குறேன் தாயி” என்றார் ராவுத்தர். பிறகு வடத்தின் விலைக்கு அவளும் அவரும் அரை மணி நேரம் மல்லுக்கு நின்றார்கள். அவள் கிணற்றுக்காகத் தன் கொட்டகையை விட்டவர், அவளிடம் ஓர் அணா விடவில்லை. அவள் முணுமுணுத்துக்கொண்டே வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஊருல இல்லாதவனுக்கெல்லாம் பேசுவீர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றேன்.

அவர் கலைந்து கிடந்த கயிற்றுக் கண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினார்.

“இல்லாதவனுக்குத்தான் நான் பேசுவேன் மாப்ள” என்றார். “கொட்டகைக்காரன்தான் இங்க இருந்தானே.”

இப்போது அவர் இல்லை. அதனால்தான் நான் பேசுகிறேன்.